வேக்ஸை வாங்கினால் ஓட்டுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேக்ஸ் போன்ற பழைய ஒர்க்ஸ்டேஷன் ஒன்றை, அதாவது பொறியாளர்கள் மேசைமேல் வைத்து வேலை செய்த கம்ப்யூட்டர் ஒன்றை, வாங்கி, துடைத்து, அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம் என்று நினைத்தால் நம் மலேசியாவில் அது வேண்டாம். குளிர்நாட்டில் யாரோ ஒருவர் வீட்டுக் கிடங்கில் இருபது வருடம் சும்மா கிடந்த இயந்திரம் சுவிட்சைப் போட்டதும் எழுந்துவிட்டது என்று படிக்கிறோம், அது உண்மையாகவும் இருக்கும். எங்கள் ஊர் நிபோங் திபாலில் அதை எதிர்பார்க்க முடியாது. இங்கே ஒரு பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம், ஒரு பக்கம் கிரியான் ஆறு, வருடம் முழுக்க ஈரக்காற்று. மூடி வைத்த இயந்திரம் மூடி வைத்தபடியே செத்துப்போகும். வாங்கினால் ஓட்டுங்கள், ஓட்ட முடியாது என்றால் ஓட்டுகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். நான் சொல்ல வந்தது இதுதான், ஆனால் காரணத்தோடு சொன்னால்தான் பயன்படும்.

என் வீட்டில் இப்போது ஓடுகிற நிலையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று டெக் நிறுவனத்தின் வேக்ஸ்ஸ்டேஷன் 3100 மாடல் 38. இன்னொன்று சன் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் 5. இரண்டில் என் மனது வேக்ஸ் பக்கம்தான். டெக் 1957இல் அமெரிக்காவின் மேனார்ட் என்ற ஊரில் ஒரு பழைய கம்பளி ஆலையில் தொடங்கப்பட்ட நிறுவனம். மெயின்ஃபிரேம் வாங்கக் கட்டுப்படியாகாத ஆய்வுக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மினி கம்ப்யூட்டர் விற்றே வளர்ந்தது. 1977இல் அவர்கள் கொண்டுவந்த வேக்ஸ்-11/780 பீரோ பீரோவாக ஓர் அறையில் நிற்கும். அதே வேக்ஸ் 1989இல் மேசைமேல் வந்து உட்கார்ந்ததுதான் இந்த 3100. மாடல் 38இன் வேகம் 780ஐப் போல ஏறக்குறைய 3.8 மடங்கு. அறையில் நின்ற இயந்திரத்துக்கு எழுதிய நிரல் மேசைமேல் இருப்பதிலும் அப்படியே ஓடும். இன்றைக்கு நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிற அந்த விஷயத்தை அன்றைக்கு இவ்வளவு ஒழுங்காகச் செய்து காட்டியவர்கள் மிகக் குறைவு.

எனக்கு வேக்ஸ் பழக்கமானது வேலையில். 1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கின, இன்டெல்லும் ஹியூலட்-பேக்கர்ட்டும் அந்த ஆண்டே வந்துவிட்டன. அப்புறம் வந்த வருடங்களில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் விடியுமுன்னே பேக்டரி பஸ் ஏறிப் போனார்கள். அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர், நான் பஸ் ஏறியவன். தொண்ணூறுகளில் நான் டெக்னீஷியனாக இருந்த தொழிற்சாலையில் ஒவ்வொரு லாட்டின் (தயாரிப்புத் தொகுதியின்) சோதனைக் கணக்கும் ஒரு வேக்ஸுக்குத்தான் போகும். இராத்திரி ஷிப்டில் டெர்மினல் முன்னால் உட்கார்ந்து, கட்டளைக்காகத் திரையில் காத்திருக்கும் டாலர் குறிக்குப் பக்கத்தில் கட்டளை அடித்துப் பழகினேன். எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. 'ஹெல்ப்' என்று அடித்தால் அதுவே பக்கம் பக்கமாகச் சொல்லிக் கொடுக்கும், நான் ஒழுங்கான ஆங்கிலம் படித்ததில் பாதி அந்தத் திரையில்தான். பிறகு எல்லாம் பிசிக்கு மாறியது, ஒரு நாள் லாரி வந்தது, டெர்மினல்களும் அலமாரிகளும் ஏற்றப்பட்டுப் போய்விட்டன. அவற்றில் ஒன்றையாவது கேட்டு வாங்கும் நிலையில் அப்போது நான் இல்லை. இப்போது இருக்கிறேன்.

சரி, எங்கே கிடைக்கும்? தொழிற்சாலை வாசலில் கிடைக்காது. 2005இல் வந்த அட்டவணைக் கழிவு விதிகளில் பழைய மின்னணுப் பொருள்களுக்கு எஸ்டபிள்யூ 110 என்று தனி எண்ணே இருக்கிறது, அவை உரிமம் பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குத்தான் போக வேண்டும். விதி நல்ல விதி, நம் ஆற்றில் ஈயமும் அமிலமும் கலக்காமல் இருக்க அது தேவை. அதனால் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் அதற்கு முன்பே யாரோ வீட்டுக்குக் கொண்டுபோனவை: ஓய்வுபெற்ற பொறியாளர் வீட்டு ஸ்டோர், மூடிப்போன சிறிய சர்வீஸ் கடை, பிள்ளைகள் வெளிநாடு போனபின் வீட்டைக் காலி செய்கிற குடும்பம். பழைய பேப்பரும் சாமானும் வாங்க வருகிற 'பேப்பர் லாமா' லாரிக்காரர்களிடம் சொல்லி வைத்தால் அவர்கள் கண்ணில் படுவதை நமக்கு வைத்திருப்பார்கள். என் வேக்ஸ் அப்படி வந்ததுதான். பழைய இரும்புக் கடைத் தவுக்கே (முதலாளி) தராசில் வைத்து எடை போட்டுவிட்டு, "அண்ணே, உள்ளே தங்கம் இருக்கு, பீஸ் பீஸா கழற்றினா கிலோவுக்கு அதிகம் கிடைக்கும், நீங்க முழுசா கேட்கறீங்களே" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்தக் காலத்துச் செராமிக் சிப்புகளில் தங்க முலாம் இருக்கிறது, அதற்காகவே ஓடக்கூடிய போர்டுகளைச் சுத்தியலால் உடைக்கிறார்கள். நான் அவர் சொன்ன விலைக்கு மேலேயே கொஞ்சம் பணம் கொடுத்தேன், அடுத்த முறை ஒன்று வந்தால் உடைக்குமுன் எனக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காக. இதுவரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்று கேட்பார்கள். இயந்திரத்தின் விலையைவிடக் கப்பல் கூலி அதிகமாகும், 19 அங்குல டியூப் மானிட்டர் என்றால் வழியிலேயே உடையவும் வாய்ப்பு உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்ததில் 115-230 வோல்ட் சுவிட்சு இருந்தால் அதை 230 பக்கம் மாற்றாமல் செருகக்கூடாது. என் கருத்து, போர்டு, கேபிள், சிப்பு இவற்றைத் தபாலில் வாங்குங்கள், கனமான பெட்டியைப் பக்கத்தில் தேடுங்கள். 2014இல் பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்கு இரண்டாவது பாலம் திறந்த பிறகு எங்களுக்குத் தீவுக்குப் போய்ப் பார்த்து வாங்குவதும் சுலபமாகிவிட்டது.

இனி முக்கியமான பகுதி. வாங்கி வந்த இயந்திரத்தை அன்றைக்கே செருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளராக, இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார், வாழ்நாள் முழுக்க பெரிய மோட்டார்களோடு வேலை செய்தவர். வேக்ஸைத் திறந்து வைத்தபோது அவர் மீட்டரைத் தொடவே இல்லை. "தம்பி, கரண்ட் கொடுக்கிறது கடைசி வேலை. முதல்ல மூக்கை வை" என்றார். வைத்தேன். மீன் வாடை. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர், அதாவது உள்ளே திரவத்தோடு மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கிற சிறு உருளை, ஒழுகினால் அந்த வாடைதான் வரும். ஒழுகிய திரவம் போர்டின் செப்புக் கோடுகளை அரித்துக்கொண்டே போகும், நம் ஊர் ஈரத்தில் அந்த அரிப்பு நிற்பதே இல்லை. பவர் சப்ளையில் ஒழுகியவற்றை எல்லாம் கழற்றி, போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, காயவிட்டு, 105 டிகிரி தாங்குகிற புதிய கெப்பாசிட்டர்கள் போட்டோம். பிறகு அந்தக் காலத்து வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள், அதாவது மின்சாரம் உள்ளே நுழைகிற இடத்தில் இருக்கும் காகிதக் கெப்பாசிட்டர்கள். ரிஃபா என்ற பெயர் போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், கழற்றிவிடுங்கள். அவற்றின் மஞ்சள் கூட்டில் மயிரிழை போல வெடிப்பு விழும், வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போய்க் காகிதத்தில் ஊறும், கரண்ட் கொடுத்ததும் புகையும் நாற்றமுமாக வெடிக்கும். குளிர்நாட்டிலேயே அப்படி என்றால் இங்கே சொல்ல வேண்டியதில்லை. வேக்ஸ்ஸ்டேஷன் 3100இல் கடிகாரத்துக்காக ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரியும் இருக்கிறது, அதுவும் ஒழுகும், அதைப் பார்த்த உடனே வெட்டி எடுத்துவிட வேண்டும்.

பவர் சப்ளையைத் தனியாக, சுமை எதுவும் இல்லாமல் ஓட்டிப் பார்க்கக்கூடாது என்பதும் அண்ணன் சொல்லித்தான் எனக்குப் பழக்கமாயிற்று. அந்தக் காலத்து ஸ்விட்சிங் சப்ளைகள் பலவற்றுக்குக் குறைந்தபட்சச் சுமை தேவை, இல்லையென்றால் தானே நின்றுவிடும், பழுது என்று நாம் நினைத்துக்கொள்வோம். பெரிய ரெசிஸ்டர்களைச் சுமையாக வைத்து 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் போர்டில் சேர்த்தோம்.

இப்போது ஓட்டுவதற்கு நான் சொல்லும் காரணம் புரியும். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குள் அலுமினியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது, மின்னழுத்தம் அதில் நிற்கும்வரை அந்தப் படலம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். வருடக்கணக்கில் மின்சாரமே பார்க்காவிட்டால் படலம் மெலிந்துபோகும். ஓடுகிற இயந்திரம் சூடாகும், சூட்டில் உள்ளே தங்கிய ஈரம் வெளியேறும். விசிறியின் அச்சு சுற்றிக்கொண்டே இருந்தால் இறுகாது. ஹார்ட் டிஸ்க்குக்குள் தலை வந்து இடிக்கும் இடத்தில் சில குவாண்டம் வட்டுகளில் செயற்கை ரப்பர் துண்டு இருக்கும், அது வயதாகிப் பிசினாகித் தலையைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் ஊர்க்காரர்களுக்கு ரப்பர் பிசுபிசுப்பது தெரியாததல்ல. வாரம் ஒரு முறை ஓட்டினால் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும், விசிறி கரகரக்க ஆரம்பித்ததா, வட்டு எழ நேரமாகிறதா என்று காது சொல்லிவிடும். அலமாரியில் இருப்பது எந்த நோயையும் சொல்லாது.

வேக்ஸைத் திரை இல்லாமலேயே ஓட்டலாம், தொடங்குகிறவர்கள் அப்படியே செய்யுங்கள். பின்னால் இருக்கும் சின்ன சுவிட்சைத் தள்ளினால் கன்சோல், அதாவது இயந்திரத்தோடு நாம் பேசும் வழி, சீரியல் போர்ட்டுக்கு மாறிவிடும். அந்தப் போர்ட் எம்எம்ஜே என்ற வகை, பார்க்கத் தொலைபேசி பிளக் மாதிரி, ஆனால் கொக்கி ஓரமாகத் தள்ளி இருக்கும். கேபிளை நாமே செய்துகொள்ளலாம். லேப்டாப்பில் 9600 வேகம் வைத்து இணைத்துச் சுவிட்சைப் போட்டால் எஃப்-இலிருந்து ஈ, டி, சி என்று இறங்கி 1 வரை ஒவ்வொரு சோதனையாக எண்ணிக்கொண்டு வரும். ஏதாவது சரியில்லையென்றால் கேள்விக்குறியோடு எண்கள் வரும். நெட்வொர்க் போர்ட்டில் முனையத் தடை மாட்டாமல் விட்டாலும் குறை சொல்லும், கடிகார பேட்டரி இல்லையென்றாலும் சொல்லும், அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். எல்லாம் முடிந்து மூன்று கோணக் குறிகள் (>>>) வந்து நிற்கும். முதல் முறை அது என் வீட்டில் வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை.

வட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதோடு அந்தக் காலத்தில் வந்த ஆர்இசட்23 வட்டு 104 மெகாபைட்தான். ஓடுகிற பழைய வட்டு கிடைத்தாலும் அதை நம்பி வேலை செய்யாதீர்கள், உள்ளே இருப்பதைப் படியெடுத்துவிட்டு ஓய்வு கொடுங்கள். இப்போது புளூஸ்கஸி போன்ற சிறிய போர்டுகள் இருக்கின்றன, எஸ்டி கார்டை ஸ்கஸி (அந்தக் காலத்து வட்டு இணைப்பு முறை) வட்டாக இயந்திரத்துக்குக் காட்டும். ஆனால் 3100இல் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் ரோமில், அதாவது அழியாத நினைவகச் சிப்பில், உள்ள ஸ்கஸி நிரல் பழைய ஆறு-பைட் கட்டளையைப் பயன்படுத்துகிறது, அதில் தொகுதி எண்ணுக்கு 21 பிட்தான் இடம். 2,097,152 தொகுதிகள், ஒவ்வொன்றும் 512 பைட், மொத்தம் சுமார் 1.07 கிகாபைட். வேக்ஸுக்கு டெக் கொடுத்த இயங்குதளமான விஎம்எஸ் போட்ட வட்டு அதைவிடப் பெரிதாக இருந்து, சிஸ்டம் எப்போதாவது விழுந்து நினைவகத்தை வட்டில் கொட்டும்போது எல்லைக்கு வெளியே எழுத நேர்ந்தால், எண் சுற்றிவந்து வட்டின் தொடக்கத்திலேயே எழுதி எல்லாவற்றையும் அழித்துவிடும். கார்டு 32 கிகாபைட் என்பதற்காகப் பெரிய வட்டாக வைக்காதீர்கள், ஒரு கிகாபைட்டுக்குக் கீழே வையுங்கள்.

இயங்குதளத்தை நேராக இயந்திரத்தில் நிறுவ வேண்டிய அவசியமில்லை. டெக்கில் உயர் பொறுப்பில் இருந்த பாப் சுப்னிக் தொடங்கிய சிம்ஹெச் என்ற எமுலேட்டர் இருக்கிறது, 3100 மாடல் 38ஐயே அது பாவனை செய்யும். லேப்டாப்பில் அதில் நிறுவி, வட்டுக் கோப்பை அப்படியே எஸ்டி கார்டில் போட்டு, நிஜ வேக்ஸில் மாட்டினால் எழுந்துவிடுகிறது. விஎம்எஸ்ஸுக்குப் பொழுதுபோக்காளர்களுக்கென்று இலவச உரிமம் முன்பு உண்டு. டெக்கின் உரிமைகள் கைமாறிப் போய்ச் சேர்ந்த ஹெச்பிஇ நிறுவனம் அந்தத் திட்டத்தை மூடிவிட்டது, கடைசியாகக் கொடுத்த உரிமங்களும் 2021 இறுதியில் காலாவதியாகின. 2014இலிருந்து விஎம்எஸ்ஸை வளர்த்துவரும் விஎஸ்ஐ நிறுவனத்திடம் வேக்ஸுக்கான உரிமை இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம். விற்பனையே இல்லாத ஒரு பொருளைக் காசு வாங்காமல் கற்கவும் காப்பாற்றவும் விடுவதில் யாருக்கு என்ன நட்டம்? அதனால் இன்று சட்டப்படி சுத்தமாக ஓட்ட வேண்டுமென்றால் நெட்பிஎஸ்டி என்ற இலவச இயங்குதளம்தான், அது வேக்ஸை இன்னும் கைவிடவில்லை. மெதுவாக இருக்கும், ஆனால் இருக்கும்.

ஓட்டி என்ன செய்கிறேன்? தோட்டத்து செக்ரோல் கணக்கு, அதாவது தொழிலாளர் சம்பளப் பதிவேடு. பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்த ஐயா ஒருவர் எங்கள் அப்பாவின் நண்பர், வயது எண்பதுக்கு மேல். அவர் கையால் எழுதிப் பழகிய அந்தப் பதிவேட்டு முறையை, அதாவது பேர், வேலை நாள், கொண்டுவந்த ரப்பர் பால், ஒட்டுப்பால், பிடித்தம், இவற்றை அவர் சொல்லச் சொல்ல நான் சி மொழியில் ஒரு நிரலாக எழுதினேன். வேக்ஸில் கம்பைல் ஆகிற நேரத்தில் அவர் காப்பியைக் குடித்து முடித்து அந்தக் காலத்துச் சம்பள நாளைப் பற்றிச் சொல்வார். முதல் மாதக் கணக்கு திரையில் வந்தபோது அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தார். "சரியா வருது" என்றார், அப்புறம் "பிடித்தம் மட்டும் கடைசிப் பத்தியில வரணும், நாங்க அப்படித்தான் போடுவோம்" என்றார். மாற்றினேன். இதை ஒரு போனில் ஒரு நொடியில் செய்யலாம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவருக்குப் போன் திரை சின்னது, இந்தப் பச்சை எழுத்து பெரியது, இயந்திரம் அவசரப்படுத்தாது, அவர் என் வீட்டுக்கு வருகிறார்.

ஸ்பார்க்ஸ்டேஷன் 5 பற்றிச் சுருக்கமாக. 1994இல் வந்தது, பீட்சா பெட்டி வடிவம், 256 மெகாபைட் வரை நினைவகம் ஏறும், சன்னின் சோலாரிஸ் இயங்குதளத்தில் 9ஆம் பதிப்பு வரை ஓடும், வேலைக்கு வேக்ஸைவிட எவ்வளவோ வேகம். விசைப்பலகை மாட்டவில்லையென்றால் தானே சீரியலுக்குப் போய்விடும். அதன் பொதுவான நோய் என்விராம் சிப்பு. கடிகாரமும் இயந்திரத்தின் ஈதர்நெட் முகவரியும் அந்த எம்48டி08 சிப்பில் இருக்கின்றன, பேட்டரி அதன் உள்ளேயே புதைந்திருக்கிறது, தீர்ந்தால் இயந்திரம் தன் பெயரையே மறந்துவிடும். மேல்பகுதியைக் கவனமாக அறுத்து, பழைய பேட்டரியைத் துண்டித்து, வெளியே ஒரு சிஆர்2032 பொத்தான் பேட்டரி வைத்து ஈயம் வைத்தால் போதும். பிறகு ஓகே என்று நிற்கும் இடத்தில் 8:0:20 என்று தொடங்குகிற முகவரியைத் திரும்ப எழுத வேண்டும். இங்கே யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்தில் படிக்கிற ஒரு தம்பி அதை என் மேசையிலேயே உட்கார்ந்து செய்தான். அடுத்து தனக்கென்று ஒன்று தேடிக்கொண்டிருக்கிறான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும் பகுதி இது, அதனால் நான் ஓட்டுவது காலையில். முடித்ததும் சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாமல் பிளக்கையும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றிவிடுகிறேன், மின்னல் இரண்டு வழியாகவும் வரும். பின்பக்கத்து ஓட்டைகளுக்கு மெல்லிய கம்பி வலை வையுங்கள், பல்லி உள்ளே போய் பவர் சப்ளையில் படுத்தால் இரண்டுக்குமே முடிவு. பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், சிலிக்கா ஜெல்லை நம்பி மூடி வைக்காதீர்கள், அது ஊறியபின் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

முதல் முறை வாங்குகிறவர் என்றால் ஸ்பார்க்ஸ்டேஷனில் தொடங்குங்கள், பாகம் கிடைக்கும், கேட்டால் பதில் சொல்லவும் ஆள் இருக்கிறது. வேக்ஸ் வேண்டுமென்றால் மாடலைப் பார்ப்பதற்கு முன் என்னென்ன கூட வருகிறது என்று பாருங்கள். எல்கே201 விசைப்பலகை, மானிட்டர் கேபிள், மவுஸ் மூன்றும் சேர்ந்து வருகிற பழைய மாடல், அவை இல்லாத புதிய மாடலைவிட மேல். எனக்கு விசைப்பலகை கிடைத்துவிட்டது, மவுஸ் இன்னும் கிடைக்கவில்லை. வட்டமாக, தட்டையாக, மூன்று பொத்தானோடு இருக்கும், விஎஸ்எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்று அடியில் எழுதியிருக்கும். பாரிட் புந்தார், தைப்பிங், கூலிம் பக்கம் யார் வீட்டு ஸ்டோரிலாவது கண்ணில் பட்டால் தூக்கிப் போட்டுவிடாமல் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.